வாரி ஏறும் மாடு

ஊத்துக்குளியில் இருந்து கதித்தமலை பார்த்துப் போகும் வழியில் எங்கள் பழைய தோட்டம். அங்கே கிணற்றை ஒட்டி ஒரு சரிவு இருக்கிறது. கிணற்று மேட்டில் தொடங்கி, இரண்டு மாடு ஜோடியாக நடக்கும் அகலத்தில், மண்ணை வெட்டிக் கீழே இறக்கியிருப்பார்கள். இன்றைக்கு அதன் அடியில் பனியன் கம்பெனி கட்டிங் வேஸ்ட் மூட்டைகளை யாரோ கொண்டுவந்து போட்டிருக்கிறார்கள். விவரம் தெரியாதவர்களுக்கு அது பாதியில் விட்ட பள்ளம். எங்கள் வீட்டில் அதை வாரி என்போம். கவலை ஓட்டிய வாரி.

31 வருஷம் பள்ளியில் இயற்பியல் நடத்தினேன். சாய்தளம், கப்பி, நெம்புகோல், எந்திர லாபம் என்ற பாடம் வரும்போதெல்லாம் புத்தகத்தில் ஒரே படம்தான்: பலகையைச் சாய்த்து லாரியில் டிரம் ஏற்றும் ஆள். பிள்ளைகள் சூத்திரத்தை எழுதுவார்கள், மதிப்பெண் வாங்குவார்கள். நான் மட்டும் வருஷத்துக்கு ஒரு நாள் பத்துப் பதினைந்து பேரைக் கூட்டிக்கொண்டு இந்தச் சரிவுக்கு வந்துவிடுவேன். ஆற்றல் அழியாது, புதிதாகப் பிறக்காது என்ற விதியை நான் கற்றது எந்த வகுப்பிலும் இல்லை. இந்த மண்ணில், மாட்டின் பின்னால் நடந்துதான் கற்றேன்.

கவலை என்றால் மனக்கவலை என்று மட்டும் தெரிந்த பிள்ளைகள் இப்போது உண்டு. மற்ற ஊர்களில் கமலை என்றும் கபிலை என்றும் சொல்லும் மாட்டு ஏற்றத்துக்குக் கொங்கு நாட்டில் கவலை என்று பெயர். காவிரிக் கரையிலும் ஏரிக்கரையிலும் தண்ணீர் கைக்கெட்டும் ஆழத்தில் கிடக்கும். அங்கே நெம்புகோல் ஏற்றம் போதும். நீளமான மரத்தின் மேல் ஆட்கள் முன்னும் பின்னும் நடப்பார்கள். அவர்கள் உடம்பின் எடையே தண்ணீரைத் தூக்கும். எங்கள் பக்கம் அப்படியில்லை. மேற்குத் தொடர்ச்சி மலையின் மழைமறைவில் இருக்கும் பூமி இது. மழை குறைவு, அடியில் பாறை. நொய்யல் ஓடினாலும் அதன் தண்ணீர் எல்லாக் காட்டுக்கும் வராது. வெடி வைத்துப் பாறையைப் பிளந்து கிணறு தோண்டியவர்கள்தான் இந்த ஊர்களை உண்டாக்கினார்கள். 1887-இல் கோயம்புத்தூர் மாவட்டக் கையேட்டை எழுதிய பிரடெரிக் நிக்கல்சன், இந்தக் கிணற்றுப் பாசனத்தைப் பற்றி விரிவாகவே எழுதியிருக்கிறார். அவர் காலத்தில் நம் ஊத்துக்குளியும் அந்தப் பெரிய கோயம்புத்தூர் மாவட்டத்துக்குள்தான் இருந்தது. கிணறு ஆழமாக ஆக, மனிதக் காலுக்குப் பதில் மாட்டின் கால் வேண்டியிருந்தது.

கவலையின் அமைப்பை நேரில் பார்த்தவர்கள் குறைந்துவிட்டார்கள். அதனால் கொஞ்சம் நிதானமாகவே சொல்கிறேன். கிணற்று விளிம்பில் இரண்டு தூண். அவற்றின் குறுக்கே, ஆள் உயரத்துக்கு மேல், ஒரு மர உருளை. அதற்கு நேர் கீழே, தண்ணீர் கொட்டும் தொட்டியின் உதட்டில், உருட்டுக்கட்டை ஒன்று. கிணற்றுக்குள் இறங்குவது சால்; பழைய காலத்தில் முழுக்கத் தோல், பிறகு தகரம். சாலின் அடியில் ஓட்டை இருக்கும். அந்த ஓட்டையில் யானைத் தும்பிக்கை போல ஒரு தோல் வால் கோத்துத் தைத்திருக்கும். சாலைத் தூக்கும் கனமான கயிறு வடம். அது மேல் உருளை வழியாகப் போகும். தோல் வாலின் நுனியில் கட்டிய மெல்லிய கயிறு வால் கயிறு; அது கீழ்க் கட்டை வழியாகப் போகும். இரண்டும் போய்ச் சேருவது ஒரே நுகத்தடியில்.

இனிமேல்தான் அதன் அழகு. இரண்டு கயிறும் ஒரே வேகத்தில் இழுபடுவதால், சால் மேலே வரும் வழியெல்லாம் தோல் வால் மடிந்து, அதன் வாய் சாலின் விளிம்பு மட்டத்துக்கு நிமிர்ந்தே இருக்கும். ஒரு சொட்டு சிந்தாது. கிணற்று வாய்க்கு வந்ததும் வால் நுனியைக் கீழ்க் கட்டை தொட்டிப் பக்கமாக இழுத்துக்கொள்ளும். சாலோ மேல் உருளையைப் பார்த்து இன்னும் ஏறிக்கொண்டிருக்கும். மடிந்த வால் அந்த நொடியில் நீண்டுவிடும். மொத்தத் தண்ணீரும் தொட்டியில் கொட்டிவிடும். சாலைச் சாய்க்க இன்னொரு ஆள் வேண்டாம். வால் கயிற்றின் நீளத்தை ஒரு சாண் கூட்டிக் குறைத்தால் போதும், நடுக்கிணற்றிலேயே தண்ணீர் ஒழுகும், அல்லது மேலே வந்தும் கொட்டாமல் நிற்கும். கயிற்று நீளத்தை வைத்து இப்படி ஒரு காரியத்தைச் செய்ய வைத்தவர் யார் என்று எந்தப் புத்தகமும் சொல்லவில்லை. இன்றைக்கும் அதை நினைத்தால் எனக்கு மயிர்க்கூச்செறியும்.

எங்கள் கிணற்றில் கவலை ஓட்டியது என் அப்பாரு, அப்பாவைப் பெற்றவர். மயிலை ஒன்று, செவலை ஒன்று, இரண்டும் காங்கேயம் மாடு. விடியும் முன்னே பூட்டினால் வெயில் ஏறும்வரை இறைப்பு. மாடுகள் சரிவில் முன்னோக்கி இறங்கும்போது சால் ஏறும். தண்ணீர் கொட்டியதும் அவர் நுகத்தைத் தட்டிக் குரல் கொடுப்பார். மாடுகள் பின்னோக்கியே அடியெடுத்து வைத்து மேலே ஏறும். சால் தானாகக் கிணற்றுக்குள் இறங்கும். அது மூழ்கி நிறையும் நேரம் மாடுகளுக்கு ஓய்வு.

எனக்கு ஏழெட்டு வயசு இருக்கும். ஒரு விஷயம் புரியாமல் அவரிடம் கேட்டேன். தண்ணீரோடு இறங்கும்போது மாடு சாதாரணமாகப் போகிறது. வெறுமனே மேலே ஏறும்போதுதான் விலா ஏறி இறங்குகிறது, மூக்குத் துவாரம் விரிகிறது. சுமை இல்லாதபோது ஏன் இளைக்கிறது?

"சொமை இல்லீன்னு ஆருடா சொன்னது?" என்றார். "ஒவ்வொண்ணும் பத்து மூட்டை கனம். அதைய அதேதானே தூக்கிட்டு ஏறோணும்? எறங்கறப்ப அந்தக் கனந்தான் கண்ணு தண்ணியத் தூக்குது."

காலேஜ் போய், நிலையாற்றல் என்ற சொல்லைக் கேட்டு, ஒரு ராத்திரி விடுதியில் காகிதமும் பென்சிலும் எடுத்து உட்கார்ந்தேன். கணக்கு எளிதாக இருக்க, புவியீர்ப்பு முடுக்கத்தை 10 என்றே வைத்துக்கொள்வோம். சாலில் 100 லிட்டர், கிணற்றில் தண்ணீர் மட்டம் 10 மீட்டர் கீழே. ஒரு சால் தண்ணீரை மேலே கொண்டுவரச் செய்ய வேண்டிய வேலை 100 பெருக்கல் 10 பெருக்கல் 10. ஆக 10,000 ஜூல். இந்தப் பக்கம் இரண்டு மாடும் சேர்ந்து 800 கிலோ. வாரியின் சாய்வு எட்டுக்கு ஒன்று. 10 மீட்டர் நடந்தால் 1.25 மீட்டர் இறங்கும். 800 பெருக்கல் 10 பெருக்கல் 1.25. அதுவும் 10,000 ஜூல்.

பென்சிலைக் கீழே வைத்துவிட்டு வெகுநேரம் அந்த இரண்டு எண்ணையும் பார்த்துக்கொண்டிருந்தேன். உருளை உராய்வையும் சாலின் எடையையும் விட்டுவிட்டால், மாடு இறங்கும்போது தண்ணீருக்காகத் தனியாக எதையும் செலவு செய்யவில்லை. தன் உடம்பை இறக்கி, அந்த இறக்கத்தைத் தண்ணீரின் ஏற்றமாக மாற்றிக் கொடுத்துவிட்டது. உண்மையான வேலை, அந்த 10,000 ஜூலும், வெறும் நுகத்தோடு அது பின்னோக்கி ஏறியபோதே செய்து முடித்தாகிவிட்டது. அப்பாரு சொன்னதில் ஒரு எழுத்துக்கூடப் பிசகில்லை.

கிணற்றுக்கு மேலே இருக்கும் உருளை பலத்தைப் பெருக்குவதில்லை. நிலைக் கப்பியின் எந்திர லாபம் 1 என்று பாடத்தில் இருக்கிறது. அது திசையை மட்டும் மாற்றுகிறது. லாபம் வருவது வாரியில். சாய்தளத்தின் எந்திர லாபம் அதன் நீளத்தை உயரத்தால் வகுத்தது. எங்கள் வாரிக்கு அது 8. லாரியில் டிரம் ஏற்றுகிறவர் இந்த எட்டைத் தன் பலத்தைக் குறைத்துக்கொள்ளப் பயன்படுத்துகிறார். கவலையில் ஏறும் சுமையும் மாடு, ஏற்றும் ஆளும் மாடு. 800 கிலோ உடம்பு சரிவில் நின்றாலே, வடத்தின் மறு முனையில் 100 கிலோ தூக்கிக்கொள்ளும்.

அப்படியானால் சமதரையில் இழுத்தால் என்ன? மொத்த ஆற்றல் ஒன்றுதானே? பிள்ளைகளில் கெட்டிக்காரர்கள் இதைக் கேட்பார்கள். மாடு நாள் முழுக்கத் தளராமல் இழுக்கக்கூடியது தன் எடையில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு. 400 கிலோ மாட்டுக்கு 40 கிலோ, ஜோடிக்கு 80. நிறைந்த சாலோ நூறைத் தாண்டும். சமதரையில் போகும்போது மூச்சு முட்டும், வரும்போது சும்மா வரும். வாரி அந்த ஒரே சுமையை இரண்டு நடைக்கும் பங்கு வைக்கிறது. போகும்போது உடம்பின் எடை இழுத்துக்கொள்ளும். உராய்வுக்கும் சாலின் கனத்துக்கும் மட்டும் மாடு தோள் கொடுத்தால் போதும். வரும்போது உடம்பை ஏற்ற வேண்டும். அதற்கும் ஒரு கை உதவி உண்டு: காலிச் சால் கிணற்றில் இறங்கும்போது வடத்தை இழுத்து, மாட்டை மேல்நோக்கிக் கொஞ்சம் தள்ளும். ஏறும்போது சால் வாங்கிய கடனை இறங்கும்போது திருப்பிக் கொடுக்கிறது. மொத்தக் கணக்கில் ஒரு ஜூலும் மிச்சமாகவில்லை. மாட்டின் உடம்பு தாங்குகிற அளவில் அது பங்கிடப்பட்டது, அவ்வளவுதான். அந்தச் சாய்வைக் கண்டுபிடிக்க எத்தனை தலைமுறை மாடு இளைத்திருக்கும்!

ஓட்டுகிறவர் இறங்கும்போது நுகத்தடிக்குப் பின்னால் வடத்தின் மேல் ஏறி உட்கார்ந்துகொள்வார். சோம்பேறித்தனம் என்று பட்டணத்தில் இருந்து வந்தவர்கள் நினைப்பார்கள். அவர் 50 கிலோ என்றால், 1.25 மீட்டர் இறங்கும்போது 625 ஜூலைச் சேர்த்துக் கொடுக்கிறார். திரும்பி ஏறும்போது நடந்துதான் வர வேண்டும். தன் பங்கைத் தானே ஏற்றிவிட வேண்டும். எனக்குப் பள்ளிக்கூடம் லீவு விட்டால் அந்த வடத்தில் இடம் கிடைக்கும். அப்போது 25 கிலோ இருந்திருப்பேன். பிற்காலத்தில் கணக்குப் போட்டுப் பார்த்தேன். நடைக்கு நடை மூன்று லிட்டர் தண்ணீர் என்னுடையது. எங்கள் மஞ்சள் காட்டில் அந்த மூன்று லிட்டரும் பாய்ந்திருக்கிறது.

ஒரு காலை வடம் அறுந்தது. நான் தொட்டிப் பக்கம் நின்றிருந்தேன். சால் முக்கால் கிணறு ஏறியிருந்தது. சாட்டை சொடுக்கியது போல ஒரு சத்தம். சால் பாறையில் மோதிக்கொண்டு கிணற்றுக்குள் விழுந்தது. கண்ணெதிரே மாடு இரண்டும் வாரியில் உருண்டுபோவது போல ஓடின. செவலை முன்னங்கால் மடங்கி விழுந்தது, நுகம் திருகிக்கொண்டது, மயிலையின் கழுத்தை அமுக்கிற்று. அப்பாரு அன்றைக்கு வடத்தில் உட்காராமல் பக்கத்தில் நடந்து வந்ததால் தப்பித்தார். செவலையின் முழங்கால் தோல் உரிந்து, வெள்ளை எலும்பு தெரிந்தது. அவர் தலைப்பாகைத் துண்டைக் கிழித்துக் கட்டினார், கை நடுங்கியது. பத்து நாள் கவலை நின்றது, மஞ்சள் வாடியது.

அந்த மாடுகளை யாரும் துரத்தவில்லை. அவை இறங்க இறங்கக் கொடுத்துக்கொண்டிருந்த ஆற்றலை, நொடிக்கு நொடி, தண்ணீர் வாங்கிக்கொண்டிருந்தது. வடம் அறுந்ததும் வாங்க ஆளில்லை. மிச்சச் சரிவின் நிலையாற்றல் முழுவதும் மாட்டின் கால்களில் வேகமாக வந்து விழுந்தது. நிலையாற்றல் இயக்க ஆற்றலாக மாறும் என்று கரும்பலகையில் எழுதும்போதெல்லாம் எனக்கு அந்த முழங்கால்தான் கண்ணில் வரும். பிள்ளைகளிடம் அதைச் சொல்லாமல் விட்டதில்லை.

உருளையின் அச்சுக்கு ஆமணக்கெண்ணெய் விடுவது என் வேலை. எண்ணெய் வற்றினால் அது அழும். "கூப்புடுது பாரு" என்பார் அப்பாரு. ஒரு முறை நான் மறந்துவிட்டேன். அவர் திட்டவில்லை. மாட்டை நிறுத்திவிட்டு, என்னைத் தூக்கி, அச்சின் மேல் என் கையை வைத்தார். சுட்டது. "இது மாடு தின்ன தீனி" என்றார். இரண்டு விரலால் எண்ணெயைத் தொட்டு அவரே தடவினார். அழுகை நின்றது.

மான்செஸ்டர் பக்கத்தில் பீர் ஆலை வைத்திருந்த குடும்பத்துப் பிள்ளை ஜேம்ஸ் ஜூல், 1840-களில் இதே சூட்டைத்தான் அளந்துகொண்டிருந்தார். கயிற்றில் கட்டிய எடைக்கற்கள் கீழே இறங்கும், அவை ஒரு துடுப்பைச் சுழற்றும், துடுப்பு தண்ணீரைக் கலக்கும், தண்ணீர் சூடாகும். எத்தனை எடை எவ்வளவு தூரம் இறங்கினால் எவ்வளவு சூடு என்பதே கேள்வி. ஒரு இறக்கத்தில் வரும் சூடு வெப்பமானியில் தெரியாத அளவு சிறியது. ஆகவே கற்களை மறுபடி மறுபடி மேலே ஏற்றி, ஒரே சோதனையில் 20 முறை இறக்கினார். புத்தகங்கள் இறக்கத்தைப் பற்றி எழுதுகின்றன. ஒவ்வொரு இறக்கத்துக்கும் முன்னால் கற்களை மேலே சுற்றி ஏற்றிய கையை நான் நினைத்துக்கொள்வேன். அது எங்கள் செவலை பின்னோக்கி வைத்த அடி.

மாடு ஏறும் ஆற்றல் அதற்கு எங்கிருந்து வந்தது? கொறங்காட்டில் இருந்து. கிளுவை வேலி போட்டு, நடுவில் வெள்வேல மரம் விட்டு, கொழுக்கட்டைப் புல் வளரவிட்ட மேய்ச்சல் நிலம் அது. காங்கேயம் மாட்டை உலகம் அறியச் செய்தது பழையகோட்டைப் பட்டக்காரர் குடும்பம் என்றால், அதற்கு உடம்பு கொடுத்தது இந்தப் புல். எருமைக்கும் அந்தப் புல்தான். ஊத்துக்குளி வெண்ணெய்க்குப் பேர் வந்ததும் அதனால்தான். எங்கள் அப்பத்தா தூணில் கட்டிய மத்தில் கயிறு இழுப்பார். மெல்லிய தண்டில் சுற்றிய கயிற்றை ஒன்றரை முழம் இழுத்தால் மத்து ஏழெட்டுச் சுற்று சுற்றும். அது வாரிக்கு நேர் எதிரான பேரம்: பலத்தைக் கூடுதலாகக் கொடுத்து வேகத்தை வாங்குவது. அவர் தோளில் இருந்த காய்ப்பை நான் தொட்டுப் பார்த்திருக்கிறேன்.

இந்தக் கணக்கில் இன்னும் சிலர் பெயர் ஏறாமலே இருக்கிறது. சாலின் வாலைத் தைத்தவர்கள், வடத்துக்குத் தோல் வார் கொடுத்தவர்கள் அருந்ததியர்கள். பெரிய பண்ணைகளில் கவலை ஓட்டியவர்களும் பெரும்பாலும் அவர்களே. வருஷக் கூலியாகத் தானியம் அளந்தார்கள். கிணற்றின் உயிரே அவர்கள் தைத்த தோல் வால். அதே கிணற்றில் இறங்கித் தண்ணீர் எடுக்க அவர்களை விடவில்லை. என் குடும்பமும் அந்த வழக்கத்துக்குள் இருந்த குடும்பம்தான். எத்தனை ஜூல் என்று எழுதும் இடத்தில் இதையும் எழுதாவிட்டால் கணக்கு பொய்.

20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், சென்னைப் பொறியியல் கல்லூரியில் பேராசிரியராக வந்த ஆல்பிரட் சாட்டர்டன் என்ற ஆங்கிலேயர் ஏற்றத்தையும் கவலையையும் அளந்து பார்த்தார். மாட்டை வைத்து இறைப்பதற்கும் எண்ணெய் இன்ஜின் பம்புக்கும் செலவை ஒப்பிட்டு, மதராஸ் மாகாணத்தில் பம்பு பாசனம் பரவ வழி செய்தார். ஆனாலும் கொங்குக் கிணறுகளை மாற்றியது நீலகிரியில் இருந்து வந்த கம்பிதான். 1932-இல் பைக்காரா மின் நிலையம் ஓடத் தொடங்கியது. கோயம்புத்தூர் மில்கள் அந்த மின்சாரத்தில் பெருகின; மோட்டாரும் பம்பும் வார்க்கும் பட்டறைகள் அங்கேயே எழுந்தன.

பைக்காராவில் தண்ணீர் குழாய் வழியாக 3,000 அடி, அதாவது 900 மீட்டருக்கு மேல் விழுகிறது. ஒரு லிட்டர் விழுந்தால் 9,000 ஜூல். நட்டமே இல்லையென்றால் அந்த ஒரு லிட்டர், எங்கள் கிணற்றில் 90 லிட்டரை 10 மீட்டர் தூக்கிவிடும். டர்பைனிலும் கம்பியிலும் மோட்டாரிலும் பாதிக்கு மேல் போனாலும் முப்பது, நாற்பது லிட்டருக்குக் குறையாது. அப்போது எனக்குத் தோன்றியது, நீலகிரி ஒரு பெரிய வாரி. அதில் இறங்குவது மாட்டுக்குப் பதில் தண்ணீர். அதைத் திரும்ப மேலே ஏற்றுவது யார் என்று வகுப்பில் கேட்டால் ஒரு நிமிஷம் சத்தமிருக்காது. பிறகு யாராவது ஒரு பிள்ளை மெதுவாக, "வெயிலுங்க சார்" என்று சொல்லும்.

எங்கள் கிணற்றுக்கு மின்சாரம் 1964-இல் வந்தது. மூன்று குதிரைத்திறன் மோட்டார். முதல் நாள் அப்பாரு தொட்டியில் கை வைத்து, தண்ணீர் விழும் வேகத்தைப் பார்த்துக்கொண்டே நின்றார். செவலையை அதற்குப் பிறகும் விற்கவில்லை. அது தோட்டத்திலேயே செத்தது.

1970 ஜூன் 19 அன்று, எங்களுக்குப் பக்கத்திலுள்ள பெருமாநல்லூரில் மின் கட்டண உயர்வை எதிர்த்துத் திரண்ட விவசாயிகள் மேல் துப்பாக்கிச் சூடு நடந்தது. மூன்று பேர் செத்தார்கள். சண்டை யூனிட்டுக்கு ஒரு பைசாவுக்காக. ஒரு பைசாவுக்கா உயிரைக் கொடுத்தார்கள் என்று கேட்டவர்களை நான் சந்தித்திருக்கிறேன். அவர்களுக்கு யூனிட் என்றால் என்னவென்று தெரியாது. ஒரு யூனிட் 36 லட்சம் ஜூல். பம்பில் பாதி போனாலும் மிச்சம் 180 சால் தண்ணீர். நிமிஷத்துக்கு ஒரு சால் என்றால் ஒரு ஜோடி மாடு மூன்று மணி நேரம் ஏறி இறங்கும் உழைப்பு. அந்த மூன்று மணி நேரத்தைத் தன் கண்ணால் பார்த்த தலைமுறை அது. யூனிட்டின் எடை அவர்களுக்குத் தெரியும். பிறகு சி. நாராயணசாமி நாயுடுவின் தலைமையில் போராட்டம் தமிழ்நாடு முழுக்கப் பரவியது. காலப்போக்கில் விவசாய மின்சாரம் இலவசமும் ஆயிற்று. அந்தப் போராட்டத்தின் நியாயத்தில் எனக்கு எப்போதும் சந்தேகமில்லை. ஆனால் மீட்டரே இல்லாமல் போனதும் யூனிட்டின் எடையும் மறந்துபோனது. நாங்கள் ஆழத்தைப் பற்றி யோசிப்பதை விட்டுவிட்டோம். 40 அடியில் இருந்த தண்ணீர் 100 அடிக்குப் போயிற்று. பிறகு போர்வெல், 500, 800.

திருப்பூர் வளர்ந்த கதையிலும் இதே கணக்கு உண்டு. சாயப்பட்டறைக்கு வந்த நல்ல தண்ணீர், உப்பும் நிறமுமாக நொய்யலில் இறங்கியது. இறக்குவதற்குச் செலவில்லை. 1992-இல் கட்டி முடித்த ஒரத்துப்பாளையம் அணையில் அது போய்த் தேங்கியது. அணைக்குக் கீழே இருந்த காடுகள் வீணாயின. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. ஒரு சொட்டுக் கழிவும் வெளியே விடாதவை மட்டுமே ஓடலாம் என்ற நிலை வந்தது. அப்போதுதான் திரும்பி ஏறும் செலவு தெரிந்தது. ஒரு லிட்டர் தண்ணீரை 10 மீட்டர் தூக்க 100 ஜூல் போதும். அதே ஒரு லிட்டரைக் கொதிநிலையில் ஆவியாக்கி உப்பைப் பிரிக்க 22 லட்சம் ஜூலுக்கு மேல் வேண்டும். பல கட்ட ஆவியாக்கிகள் ஒரே நீராவியின் வெப்பத்தை அடுத்தடுத்த கலத்துக்குக் கடத்தி அதைக் குறைக்கின்றன. எதிர்ச் சவ்வூடு பரவல் இயந்திரங்கள் பெரும்பகுதித் தண்ணீரை ஆவியாக்காமலே மீட்கின்றன. இருந்தும் அது பெரிய செலவு. அதைச் செய்து காட்டிய சாயத் தொழிற்சாலைக்காரர்கள் மேல் எனக்கு மரியாதை உண்டு. முன்னாலேயே செய்திருந்தால் நொய்யல் தப்பித்திருக்கும்.

நான் ஓய்வு பெற்ற வருஷம், கடைசி முறையாக ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளை வாரிக்குக் கூட்டிவந்தேன். பாதிப்பேர் வீட்டில் அப்பாவும் அம்மாவும் பனியன் கம்பெனியில் வேலை. கட்டிங் மூட்டைகளை அவர்களே நகர்த்தி வைத்தார்கள். டேப் பிடித்து நீளத்தை அளந்தோம். ஒளி ஊடுருவும் குழாயில் தண்ணீர் நிரப்பி மட்டம் பார்த்து இறக்கத்தை அளந்தோம். கொத்தனார்கள் மட்டம் பார்க்கும் அதே குழாய். எட்டுக்கு ஒன்று என்று நான் காலேஜில் குத்துமதிப்பாக வைத்தது பெரும்பாலும் சரியாகவே இருந்தது.

ஒரு பெண்பிள்ளை கேட்டாள்: "சார், இப்ப உங்க போர் 800 அடிங்களே. அதுக்குக் கவலை ஓட்டுனா வாரி எவ்ளோ நீளம் வேணுங்க?"

சால் எவ்வளவு ஏறுகிறதோ அவ்வளவு தூரம் மாடு நடக்க வேண்டும். 800 அடி என்றால் ஏறக்குறைய 240 மீட்டர். சொல்வதைவிட நடந்துவிடலாம் என்றேன். கிணற்று மேட்டில் இருந்து எண்ணிக்கொண்டு புறப்பட்டோம். வாரி பதினோரு மீட்டரில் முடிந்தது. மஞ்சள் காடாக இருந்த இடத்தைத் தாண்டினோம், எங்கள் வேலியைத் தாண்டினோம், இட்டேரித் தடத்தைக் குறுக்கே கடந்தோம். பக்கத்துத் தோட்டத்தில் தறி குடோனின் சுவர் வந்தது. அதைச் சுற்றிக்கொண்டு போனோம். 240 என்று சொன்ன இடத்தில் நின்று திரும்பிப் பார்த்தபோது கிணற்றுத் தூண் இரண்டும் விரல் அளவுக்குத் தெரிந்தன. ஒரு சால் தண்ணீருக்கு இவ்வளவு தூரம் வந்திருக்கிறோம் என்று யாரோ சொன்னார்கள்.

திரும்பும்போது அந்தப் பெண்பிள்ளை மட்டும் முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. மாடு போலவே பின்னோக்கி அடியெடுத்து வைத்தாள். இட்டேரி வந்ததும் ஒருத்தி அவள் தோளைப் பிடித்துத் தடம் காட்டினாள். கிணற்று மேடுவரை அப்படியே வந்து சேர்ந்தாள்.